பெரியப்பாவின் சோற்றுக்கால்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் யார் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பார்கள் என்பது முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு எந்த வகையிலும் உதவாத விவரம் அது என்று அம்மா நினைத்தாள். எனக்கும் அது எதற்காவது உதவும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. தெரிந்துகொண்டே ஆகவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி அது. புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் சாயங்காலமானால் கரித்துண்டால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோம். பாண்டியில் இருந்துகொண்டு பாண்டி ஆடுகிறார்கள் என்று சைக்கிள் கடைக்காரர் தினமும் அதே கிண்டலைச் செய்வார், தினமும் அவரே சிரித்துக்கொள்வார். நொண்டியடிப்பதில் நான் கெட்டிக்காரி. ஒருநாள் வலது காலில் முள் ஏறி வீங்கிவிட்டது. சரி, இன்னொரு கால் இருக்கிறதே என்று இடது காலில் நொண்டினேன். இரண்டாவது கட்டத்திலேயே கோட்டை மிதித்துவிட்டேன். மறுபடி ஆடினேன், மறுபடி மிதித்தேன். அது என் கால்தான். பிறந்ததிலிருந்து என்னோடு நடந்து வந்த கால்தான். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கைக்குச் சோற்றுக்கை, பீச்சாங்கை என்று இருக்கிறது. காலிலும் அப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்கும் காலுக்கு நானே சோற்றுக்கால் என்று பெயர் வைத்தேன். அப்பாவிடம் போய், "அப்பா, உனக்கு எது சோத்துக்கால்?" என்று கேட்டேன். அவர் தினத்தாளை இறக்கி, தன் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுந்தான்" என்றார். பெரியவர்களுக்குத் தங்கள் கால்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது அப்போது புரிந்தது.

கேட்டால் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். அதனால் பார்க்க ஆரம்பித்தேன். செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டுகிறார்கள், கரப்பான்பூச்சியை எந்தக் காலால் மிதிக்கிறார்கள், வழியில் கிடக்கும் கல்லை எந்தக் காலால் எத்தித் தள்ளுகிறார்கள். இதிலெல்லாம் பிடிபடாதவர்களுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். பின்னால் போய் நின்று லேசாக ஒரு தள்ளு. விழாமல் இருக்க எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான். அம்மாவை இப்படிச் சோதித்தபோது அவள் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். முதுகில் நல்ல அடி விழுந்தது. ஆனாலும் அம்மாவுக்கு வலது கால் என்பது உறுதியாயிற்று.

அப்பாவுக்கு வலது. பெரியம்மாவுக்கு வலது. சைக்கிள் கடைக்காரருக்கு வலது. பெரியப்பாவுக்கு மட்டும் இடது.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். அவரும் பெரியம்மாவும் நாங்களும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. ரகசியம் என்று காதில் சொன்னாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே பேசிக்கொண்டு வருவார், யாரோடு என்று கேட்கவேண்டியதில்லை, எதிரே வருகிறவர்கள் எல்லோரோடும்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அன்றைக்கு மில்லில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஆளுக்கொரு குரலில் பேசிக் காட்டுவார். அவர் பேசாத வேளை என்றால் அது தூங்கும் வேளைதான்.

எல்லோரும் சைக்கிளுக்கு இடப்பக்கம் நின்று, இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறுவார்கள். பெரியப்பா மறுபக்கம், சங்கிலி இருக்கிற பக்கம், நிற்பார். வலது காலைப் பெடலில் வைத்து இடது காலைத் தூக்கிப் போடுவார். பீடியைக் கீழே போட்டு இடது காலால்தான் நசுக்குவார். நாங்கள் தவறவிட்ட பந்து காலடியில் வந்தால் இடது காலால்தான் உதைப்பார், அதுவும் நேராகப் போகும். ஆனால் சாப்பிடுவதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால். வீட்டில் மற்ற எல்லோருக்கும் கையும் காலும் ஒரே பக்கம் இருக்க, இவருக்கு மட்டும் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இதை அவரிடமே சொன்னேன். அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார், ஏதோ பழைய ஆளைப் பார்ப்பதுபோல. "அது கோஷ் காலு பாப்பா. அது அப்படித்தான், யாரு சொன்னாலும் கேக்காது" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். இடது என்பதற்கு கோஷ் என்பார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்தச் சண்டை வந்தது.

அப்பா அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தார். உழவர்கரைப் பக்கம் புதிதாகக் கட்டிய காலனியில் அவருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. அதை அவர் பல நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் பெரியப்பா மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னார். பெரியப்பா துண்டை முகத்தில் வைத்தபடியே நின்றார்.

"இங்க இன்னா கொறச்சல் உனக்கு?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? ஆபீசு பக்கம்ண்ணே. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து பாத்துட்டுப் போறோம்."

"பாத்துட்டுப் போறதுக்கு நான் இன்னா ஆஸ்பத்திரியிலயா படுத்துங்கீறேன்? போ. போறவன் ஒரேயடியா போயிடு. இனிமே உங்கிட்ட ஒரு வார்த்த பேசுனா நான் மனுசன் இல்ல."

"பேசாட்டி பேசாத போ" என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அவர் குரலும் அன்றைக்கு எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை மில் சங்கு ஊதிய நேரம். அப்பா வாசல் குழாயில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க வேறு எங்கோ பார்த்தார்கள். பெரியப்பா வழக்கம்போல வலது காலைப் பெடலில் வைத்து உந்தினார். இடது கால் எழும்பவில்லை. அப்படியே சைக்கிளோடு சரிந்து தெருவில் விழுந்தார்.

முதலில் ஓடியவர் அப்பாதான். தூக்கி உட்கார வைத்து, "அண்ணே, அடி பட்டுச்சா? அண்ணே" என்று முகத்தைப் பிடித்துக் கேட்டார். பெரியப்பா அவரையே பார்த்தார். வாய் கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு, "போ" என்றார்.

அப்பாவின் கை தானாக விலகியதை நான் பார்த்தேன்.

ரிக்‌ஷாவில் வைத்துப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கொண்டு போனார்கள். கையையும் காலையும் தூக்கிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் வாதம் அடித்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, மருந்தும் ஓய்வும் போதும் என்று அவர் சொன்னார். வலது பக்கம் அடித்திருந்தால் பேச்சும் போயிருக்குமாம், அந்த மட்டில் தப்பித்தாராம். பெரியம்மா, "பேச மாட்டேங்கறாரே டாக்டர்" என்றாள். இடது பக்க வாதத்தில் பேச்சு போகாது என்று அவர் சொன்னார். வீட்டில் ஏதாவது மனவருத்தமா என்று கேட்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து பெரியப்பா பேசவில்லை. அந்த ஒரு சொல்லைத் தவிர. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று தெரு முழுக்கப் பேச்சாயிற்று. "வீம்பு" என்று பெரியம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்தே சொல்வாள். "கையும் காலும் போயும் இந்த வீம்பு போவலியே உனக்கு. தம்பிகிட்டதான் கோவம், எங்கிட்ட இன்னா?" அவர் அவளைப் பார்த்து, "போ" என்பார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

அப்பா முதல் சில நாட்கள் ஆபீசுக்குப் போகும்முன் காபியோடு போய்க் கட்டிலருகே நிற்பார். "அண்ணே, குடிக்கிறியா?" போ. "தலகாணி ஏத்தி வைக்கட்டா?" போ. பிறகு அப்பா உள்ளே போவதை நிறுத்திக்கொண்டார். நிலைப்படியில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நிலைப்படியில் நின்று, "அண்ணே, குவார்ட்டர்ஸ் வேணாம்னு சொல்லிட்டேன். நாங்க எங்கயும் போவல. இங்கதான் இருப்போம்" என்றார். பெரியப்பா தலையைத் தூக்கினார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எதையோ தூக்க முடியாமல் தூக்குகிறவர் மாதிரி இருந்தார். "போ" என்றார். "போ, போ, போ." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்பா திரும்பி வெளியே போனார். சைக்கிள் கடைப் பலகையில் போய் உட்கார்ந்தவர், அம்மா என்னை அனுப்பிக் கூப்பிடும்வரை எழுந்து வரவில்லை.

எனக்குத்தான் ஒன்று சரியாகப் படவில்லை. பெரியப்பா என்னையும் "போ" என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது நல்லாயிருந்த வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். தண்ணீர்ச் சொம்பைக் காட்டியும் "போ" என்றார், குடித்து முடித்ததும் "போ" என்றார். "போன்னு சொல்றாரு, ஆனா உட மாட்டேங்கறாரும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். "சின்னப் புள்ளைங்க மேல அவருக்கு எப்பவும் கோவம் கெடையாது" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

நோணாங்குப்பத்திலிருந்து அத்தை வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அத்தை இவர்கள் இரண்டு பேருக்கும் மூத்தவள். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். வந்ததும் அப்பாவை, "கோவிச்சுக்கிட்டான்னா அப்படியே போட்டு வச்சிருப்பியா?" என்றாள். பெரியப்பாவை, "வாயத் தொறந்து பேசுனா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?" என்றாள். அடுத்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

அங்கே பார்த்தவர் ஒரு லேடி டாக்டர், இளவயதுக்காரர். சின்னச் சுத்தியல் ஒன்றால் முட்டியில் தட்டினார், சாவியால் உள்ளங்காலில் கோடு இழுத்தார். ஒரு சீப்பை எடுத்து நீட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பெரியப்பா அதை வாங்கி ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டு, "போ" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "நான் சொல்றேன், கூடவே சொல்லுங்க. ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தார். பெரியப்பாவின் உதடுகள் அவர் உதடுகளைப் பார்த்து அசைந்தன. "மூணு" என்றார் திடீரென்று. "நாலு, அஞ்சு, ஆறு." அதே பழைய குரல், பக்கத்து அறைக்குக் கேட்கிற குரல். பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவுக்கே அது யார் பேசியது என்று தெரியாததுபோல எங்களைப் பார்த்தார். "இப்ப உங்க பேரைச் சொல்லுங்க" என்றார் டாக்டர். பெரியப்பா மூச்சை இழுத்தார், முகம் சிவந்தது. "போ" என்றார்.

"பாத்தீங்களா, பேசுறாரு. எங்ககிட்டதான் பேச மாட்டேங்கறாரு" என்றாள் பெரியம்மா.

டாக்டர் பெரியப்பாவின் செயலிழந்த கையைத் தூக்கிப் பார்த்தார். "இடது பக்கந்தானே விழுந்திருக்கு" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "இவருக்கு இடக்கைப் பழக்கமா?" என்றார்.

இல்லை என்று பெரியம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சோற்றுக்கையால்தான் எல்லாம் செய்வார், எழுதுவதும் அந்தக் கையால்தான் என்றார்கள். டாக்டர் யோசித்தார். பிறகு, "வீட்டுல ஏதாவது பிரச்சினை நடந்துச்சா?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வார்த்தை முத்திப் போச்சுங்க. நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"கால் மட்டும் இடது காலு" என்றேன் நான்.

அம்மா எங்களோடு வரவில்லை, வந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையே கிள்ளியதுபோல இருந்தது. ஆனால் டாக்டர் என் பக்கம் குனிந்தார். "என்ன சொன்னே?"

சொன்னேன். சைக்கிளில் மறுபக்கம் ஏறுவது, பீடியை நசுக்குவது, பந்தை உதைப்பது, பின்னாலிருந்து தள்ளினால் எந்தக் கால் முன்னால் போகும் என்பது, எல்லாம் சொன்னேன். மற்ற எல்லோருக்கும் வலது கால் என்பதையும் சொன்னேன். கேட்காமலே சைக்கிள் கடைக்காரரின் காலையும் சேர்த்துக்கொண்டேன்.

"எல்லாரையும் தள்ளிப் பாத்தியா?" என்றார் டாக்டர்.

"அத்தையத்தான் தள்ளல. ஊருல இல்ல."

அத்தை நான் சொன்னதைக் கேட்கவில்லை. அவள் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க" என்றாள் மெதுவாக. "எனக்கே மறந்துபோச்சு. சின்னதுல இவன் இடக்கையாலதான் சோறு அள்ளுவான். எங்கப்பாவுக்கு அது ஆவாது. கையத் துணியால முதுகுப் பக்கம் கட்டிப் போட்டுட்டு ஊட்டாம வுட்டுடுவோம். பசி தாங்காம இந்த வலது கையால சாப்பிடுவான். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு முசே விரல் முட்டியிலயே அடிப்பாரு. அழுது அழுது கைய மாத்திக்கிட்டான்." அப்பாவைக் காட்டி, "இவன் அப்ப பொறக்கவே இல்ல" என்றாள்.

"காலை?" என்றார் டாக்டர்.

"காலை யாருங்க பாத்தா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் தலையில் கை வைத்துக் காட்டிக்கொண்டே சொன்னார். மூளைக்கு இரண்டு பாதி. வலது பாதி இடது கைகாலை ஆட்டி வைக்கிறது, இடது பாதி வலது கைகாலை. பேச்சு பெரும்பாலும் எல்லோருக்கும் இடது பாதியில்தான் இருக்கும். இடக்கைக்காரர்களில் கூட நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆனால் அவர்களில் சிலருக்கு மட்டும் பேச்சு வலது பாதியில் போய் உட்கார்ந்துவிடும். "கையை அடிச்சு மாத்திடலாம். உள்ளே இருக்கிறது மாறாது. காலை யாரும் திருத்துறதில்ல, அதனால அது உண்மையைச் சொல்லிடும்" என்றார். பெரியப்பாவுக்கு வலது பாதியில்தான் அடைப்பு, பேச்சும் அங்கேதான் இருந்திருக்கவேண்டும், இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது என்றார். ஒன்று, இரண்டு என்பது யோசிக்காமல் வாயில் வருவது, அதனால் வந்துவிட்டது. பேர் சொல்லுவதற்கு வார்த்தையைத் தேடவேண்டும், அதுதான் கிடைக்கவில்லை.

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "அப்ப அவரு என்னைப் பாத்து போன்னு சொல்றது..."

"எல்லாத்துக்கும் அதையேதானே சொல்றார்? அந்த ஒரு வார்த்தை மாட்டிக்கிச்சு. வான்னு சொல்ல நெனச்சாலும் அதுதான் வரும்."

"கோவத்துல இல்லீங்களா?"

"பேச முடியலைங்க அவரால. பேசக் கூடாதுன்னு இல்ல."

பேச்சு திரும்ப வருமா என்று பெரியம்மா கேட்டாள். பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், முழுக்க வராமலே போகவும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். பெரியப்பாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. அவர் அப்பாவின் சட்டைக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, "போ" என்றார். அப்பா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அதற்குப் பிறகு பெரியப்பா மில்லுக்குப் போகவில்லை. தடி ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறினார். சொற்களும் வந்தன, ஆனால் தப்புத் தப்பாக. சோற்றைச் சைக்கிள் என்பார், பெரியம்மாவை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சொன்ன பிறகு தப்பென்று தெரிந்து கையை உதறுவார். சாயங்காலமானால் அப்பா அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகக் காட்டிச் சொல்ல வைப்பார். குவார்ட்டர்ஸ் வேறு யாருக்கோ போயிற்று. நான் கல்லூரிக்குப் போகும்வரை நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மத்தியானத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் அப்பா வாசல் டீக்கடையில் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கினார். முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம், "எங்க அண்ணனுக்கு மூளையில அடைப்புங்க. அதான் பேச்சு வரல" என்று சொன்னார், முகமெல்லாம் சிரிப்பாக. டீக்கடைக்காரர், "ஐயோ பாவம்" என்றார். அப்பா விடவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னார். எங்கள் தெருவுக்குள் வந்ததும் இறங்கி நடந்து, ஒவ்வொரு வாசலாக நின்று, சைக்கிள் கடை வரைக்கும் போய், அண்ணனுக்கு மூளையில் அடைப்பு என்று, வீட்டில் குழந்தை பிறந்த சேதி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. பேச்சு வராமலே போகலாம் என்று டாக்டர் சொன்னது அப்பாவின் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் அதை அவருக்கு மறுபடி எடுத்துச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.